தொட்டிக்கும் பங்க்குக்கும் நடுவில்

தாளில் எட்டுக் கேள்விகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே நான்கு கட்டங்கள். உட்கார்ந்து படிக்கும்போது உங்களுக்குத் தூக்கம் வருமா? பூஜ்யம் என்றால் வரவே வராது, மூன்று என்றால் நிச்சயம் வரும். டிரைவர் பூஜ்யத்தில் டிக் அடித்தார். டிவி பார்க்கும்போது? பூஜ்யம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போது? அதற்கும் பூஜ்யம் போட்டால் யாரும் நம்ப மாட்டார்கள் என்று தோன்றியது, ஒன்று போட்டார். எட்டாவது கேள்விக்கு வந்தபோது விரல் வியர்த்துப் பேனா வழுக்கியது. வண்டி ஓட்டிக்கொண்டு போகையில், நெரிசலில் சில நிமிடம் நிற்க நேர்ந்தால்? அவர் நிமிர்ந்து பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த படத்தைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்கை எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைத்துத் தைத்திருக்கும் படம். அவர் பூஜ்யத்தில் டிக் அடித்துத் தாளைக் கவிழ்த்து வைத்தார்.

ஆஸ்பத்திரியின் அந்த எடைக் குறைப்புப் பிரிவில் நாற்காலிகளுக்குக் கைப்பிடி கிடையாது. அகலமான, இரும்புக் கால் வைத்த நாற்காலிகள். பல வருடங்களுக்குப் பிறகு, உட்காரும் முன் நாற்காலியை ஒரு முறை முறைத்துப் பார்க்காமல் அன்றைக்குத்தான் உட்கார்ந்திருந்தார். எடை நூற்று நாற்பத்தெட்டு கிலோ. பள்ளிப் பிள்ளைகள் அவரை யானை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். "யானை மாமா ஹாரன் அடிங்க" என்றால் அடிப்பார். பதினாறு வருடமாக ஒரே பள்ளி, மஞ்சள் பஸ், ஒரு கீறல் கிடையாது.

ஆலோசகர் சின்னப் பெண். குரல் மெதுவாக இருந்தது. "இந்த ஆபரேஷன் பண்ணிக்கணும்னு எதனால தோணுச்சு சார்?"

"முட்டி வலிங்க மேடம். படி ஏற முடியல."

மனைவி முந்திக்கொண்டாள். "மூணு வருஷமா நான் தொண்டை கிழியக் கத்தறேன் மேடம். கேக்கவே இல்ல. திடீர்னு ஒரு நாள் சாயந்தரம் வந்து, பண்ணிக்கறேன்னு சொல்றாரு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

"திடீர்னா? அன்னைக்கு ஏதாவது நடந்துச்சா சார்?"

"ஒண்ணும் நடக்கல" என்றார் டிரைவர். அந்தச் சின்ன அறைக்கு அது கொஞ்சம் சத்தமான பதில்.

நடந்தது இதுதான். அவருக்குத் தெரிந்தவரை, ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் பயமே. மதிய டிரிப்பில் இருபத்தேழு பிள்ளைகளோடு தண்ணீர்த்தொட்டியைத் தாண்டினார். தொட்டி நன்றாக நினைவிருக்கிறது, அதன் உச்சியில் ஒரு ஆள் நின்று வெள்ளையடித்துக்கொண்டிருந்ததுகூட. அடுத்து நினைவில் இருப்பது பெட்ரோல் பங்க். இரண்டுக்கும் நடுவில் ஒரு செருப்புக்கடை, ஒரு சின்னத் திருப்பம், சாலை ஓரத்து மரங்கள் எல்லாம் உண்டு. எதுவும் நினைவில் இல்லை. படார் என்று ஒரு சத்தம் கேட்டது, கண் திறந்தபோது இடது சக்கரம் மண்ணில் இறங்கி, பங்க் வாசல் மரம் கைக்கெட்டும் தூரத்தில் வந்துகொண்டிருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தார். பஸ் குலுங்கி மேலேறியது. மரக்கிளை கண்ணாடியில் அடித்த சத்தம்தான் எழுப்பியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பின்னால் பிள்ளைகள் ஓவென்று கைதட்டினார்கள். "யானை மாமா இன்னொரு தடவை!" என்று ஒரு குரல்.

அன்று சாயந்தரம் வீட்டுக்குப் போய் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே மனைவியிடம் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொன்னார். அவள் அழுதே விட்டாள். சந்தோஷத்தில் அழுகிறவளிடம் அதற்குமேல் என்ன சொல்வது? பகலில் வரும் தூக்கத்துக்கு உடம்புதான் காரணம், உடம்பு குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கேயோ படித்திருந்தார். அதுவரை ஓட்டிவிடலாம். தொடையைக் கிள்ளிக்கொண்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐஸ் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு ஓட்டினார். தினமும் தொட்டியைத் தாண்டும்போது, செருப்புக்கடை, திருப்பம், முதல் மரம், இரண்டாவது மரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போவார். ஒன்றுகூட விட்டுப்போகக் கூடாது. டிரிப் முடிந்ததும் பேக்கரியில் நிறுத்தி நான்கு கேக் வாங்கி, நின்றபடியே விழுங்குவார். பதறிப்போன உடம்புக்கு அது ஒரு தட்டிக்கொடுப்பு மாதிரி.

உதவியாளராகக் கூட வரும் பெண்ணைப் பிள்ளைகள் பஸ் அக்கா என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, தன்னைவிட ஆறு வயது இளையவளை இவரும் பஸ் அக்கா என்றே கூப்பிடுவார். அவள் இவரை அண்ணே என்பாள். வழக்கமாகப் பின்சீட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைகளின் ஷூ லேஸைக் கட்டிவிடுகிறவள், இப்போதெல்லாம் இன்ஜின் மூடி மேல் கை ஊன்றி இவர் பக்கத்திலேயே நின்றாள். நின்றால் சும்மா நிற்பதில்லை. நாத்தனார் வாங்கிய ஃபிரிட்ஜ், மாடிவீட்டுக்காரன் வளர்க்கும் கிளி, தண்ணீர் வராத குழாய் என்று ஓயாமல் பேச்சு. பதில் சொல்லாவிட்டால் "என்னண்ணே, நான் சொல்றது சரிதானே?" என்று தோளைத் தொட்டுக் கேட்பாள். இவளுக்கு என்ன வந்தது, இப்படித் தலையைத் தின்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வரும். ஆனால் பேச்சுக்குப் பதில் சொல்லும் வரை கண் சொருகுவதில்லை என்பதால் பொறுத்துக்கொண்டார்.

வீட்டில் ஒத்திகை ஆரம்பித்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு வாழப்போகிற வாழ்க்கையை இப்போதே பழகிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஆஸ்பத்திரியில் ஒரு கையேடு கொடுத்திருந்தார்கள். மனைவி அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள். பெரிய தட்டுகள் பரணுக்குப் போயின. மகள் குழந்தையாக இருந்தபோது ஊட்டிய சின்னக் கரண்டியை எங்கிருந்தோ தேடி எடுத்தாள். ஒரு வாயை இருபத்தைந்து தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. பதினேழு வயது மகள் எதிரே உட்கார்ந்து எண்ணுவாள். "அப்பா, பதினொண்ணுலயே முழுங்கிட்டீங்க. அவுட்டு." மூன்று பேரும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஆபரேஷன் நினைவுக்கு வரும். மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைப்பார்கள், கண் மூடும், தொட்டிக்கும் பங்க்குக்கும் நடுவில் இருந்த அதே இடத்துக்குத்தான் போவார். அங்கிருந்து திரும்பி வருவதற்கு எந்த மரக்கிளை இருக்கிறது?

மயக்க மருந்து டாக்டர் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த அம்மாள். கழுத்தை டேப் வைத்து அளந்தார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு எட்டுக் கேள்வித் தாளை எடுத்து மேலிருந்து கீழே படித்தார்.

"குறட்டை உண்டா?"

"ரயில் போகும் டாக்டர்" என்றாள் மனைவி. "அஞ்சு வருஷமா நானும் பொண்ணும் வேற ரூம்லதான் படுக்கறோம்."

"தூக்கத்துல மூச்சு நின்னு, திணறி முழிச்சிக்கறாரா?"

"தெரியலயே டாக்டர். நான்தான் கூட இல்லையே."

டாக்டர் இவர் பக்கம் திரும்பினார். "பகல்ல தூக்கம் வருதா? நீங்க டிரைவர்னு போட்டிருக்கு."

"அதெல்லாம் இல்லீங்க."

"கழுத்து பதினெட்டரை இன்ச். இப்படித் தடிச்ச கழுத்துன்னா ராத்திரி மூச்சு அடைக்கும், பகல்ல தூக்கம் வரும். தாள்ல ஒண்ணைத் தவிர எல்லாம் பூஜ்யம். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகல." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இதப் பாருங்க. தூக்கத்துல மூச்சு நிக்கற ஆளுக்கு, அது தெரியாம நான் மருந்து கொடுத்துட்டேன்னு வைங்க. ஆபரேஷன் நல்லபடியா முடியும். தையல் எல்லாம் அழகா இருக்கும். வார்டுல வலி மருந்துலயே தூங்குவீங்க, மூச்சு நிக்கும், எழுப்ப வேண்டிய மூளையும் மயக்கத்துல இருக்கும். அவ்வளவுதான். தூக்கத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதித் தர்றேன். அது வராம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

வெளியே வந்ததும் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். டெஸ்ட் என்றால் காகிதத்தில் வந்துவிடும். காகிதத்தில் வந்தால் பள்ளிக்குப் போகும், லைசன்ஸ் ஆபீசுக்குப் போகும். ஸ்டியரிங்கைத் தவிர அவருக்கு வேறு எதையும் பிடிக்கத் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் மனைவியிடம் சொன்னார். "இந்தம்மா சும்மா பயமுறுத்துது. வேற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்காம். இவ்வளவு கேள்வியெல்லாம் கேக்க மாட்டாங்களாம். ரெண்டே வாரத்துல பண்ணிடுவாங்களாம்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். சலவைக்கடை கவுன்டரில் வேலை பார்க்கிறவள். எந்தச் சட்டையில் என்ன கறை என்று பார்த்ததும் சொல்லிவிடுவாள். ஆனால் அன்றைக்கு அவர் சட்டைப் பையைப் பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று திரும்பிக்கொண்டாள்.

புது ஆஸ்பத்திரியில் நிஜமாகவே கேள்வி கேட்கவில்லை. தேதி கொடுத்துவிட்டார்கள். அதுவரை இரண்டு வாரத்துக்கு வெறும் நீர் ஆகாரம் என்று சொன்னதோடு சரி. சூப்பும் பாலும் குடித்து ஒன்பதாவது நாள், மதிய டிரிப்பை முடித்துக் கடைசிப் பிள்ளையையும் இறக்கிவிட்டு ஷெட்டுக்குள் பஸ்ஸை நிறுத்தினார். இன்ஜினை அணைத்த பிறகும் பஸ் அக்கா இறங்கவில்லை. சீட்டுக்குச் சீட்டு குனிந்து, யாராவது எதையாவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே முன்னால் வந்தாள். அவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் அன்னைக்குப் பாத்தேன்."

அவர் திரும்பவில்லை. கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

"என்னத்த?"

"உங்க தலை தொங்கிடுச்சு. உள் கண்ணாடில பாத்தேன். அண்ணேன்னு கத்தறேன், காதுல விழல. கடைசி சீட்டுலேருந்து ஓடி வர்றதுக்குள்ள வண்டி இறங்கிடுச்சு. கையில ஒரு பிள்ளையோட டிபன் டப்பா இருந்துச்சு. அதால கம்பியில ஓங்கி அடிச்சேன்."

"அது கிளை..."

"கிளை இல்லண்ணே. டப்பா. நசுங்கிப் போச்சு. அவங்க அம்மாகிட்ட நான்தான் மிதிச்சுட்டேன்னு சொன்னேன்."

ஷெட்டின் தகரக் கூரை வெயிலில் முறுக்கிக்கொண்டு டக் டக்கென்று சத்தம் போட்டது. அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் உங்களக் குத்தம் சொல்ல வரல" என்றாள். "நானும்தான் வாயத் தொறக்கல. சொன்னா உங்க வேலை போகும்னு நெனச்சேன். பக்கத்துல நின்னு பேசிக்கிட்டே வந்தா தூங்க மாட்டீங்கன்னு நெனச்சேன். தினம் வீட்டுல உக்காந்து நாளைக்கு என்ன பேசறதுன்னு யோசிக்கறேண்ணே. எனக்கு நாத்தனாரே கிடையாது. ஃபிரிட்ஜும் இல்ல, கிளியும் இல்ல. பேச ஒண்ணும் மிச்சமில்ல. இன்னைக்கு ரெண்டு தடவை உங்க கண்ணு சொருகிச்சு. நாளைக்கு நீங்க வண்டிய எடுத்தா, நான் நேரா ஆபீசுக்குப் போயிடுவேன். உங்க கால்ல விழுந்து வேணா கேக்கறேன், நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

அவள் இறங்கிப் போன பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மரக்கிளை அடித்த சத்தத்தில் எழுந்தோம் என்றுதான் இத்தனை நாள் இருந்தார். எப்படியோ தானாக விழித்துவிட்டோம் என்று அதில் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. இப்போது அதுவும் இல்லை. தானாக விழிக்கவே இல்லை. கதவைத் திறந்து, படியில் உட்கார்ந்து, குடித்திருந்த சூப்பையெல்லாம் வாந்தி எடுத்தார்.

மனைவியிடம் சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் இஸ்திரி போட்ட துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியில், "நம்ம பொண்ணு ரெண்டு வருஷம் அந்த பஸ்ஸுலதான் போச்சு" என்றாள். அவ்வளவுதான். பிறகு அவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு மடித்த சீட்டை எடுத்தாள். தினமும் சட்டைக்குச் சட்டை அதை அவர் மாற்றி வைப்பது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. மயக்க மருந்து டாக்டரின் நம்பரைப் போட்டு, ஃபோனை அவர் காதில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க. எல்லாத்தையும் சொல்லுங்க."

டெஸ்ட் முடிவு வந்தது. மணிக்கு அறுபத்துநான்கு தடவை மூச்சு நிற்கிறது. டாக்டர் அதைச் சொன்னபோது மனைவி விரல் விட்டு எண்ணுவது போல ஏதோ செய்து, பாதியில் விட்டுவிட்டாள். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மிஷின் கொடுத்தார்கள். புது ஆஸ்பத்திரித் தேதியை ரத்து செய்து பழைய ஆஸ்பத்திரிக்கே திரும்பியதில் ஆபரேஷன் ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. பள்ளி மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார். மேலாளர் சாவியை வாங்கிக்கொண்டார். வேலையை விட்டு எடுக்கவில்லை. கேட்டில் நின்று பிள்ளைகளின் பெயரைக் குறிக்கும் வேலை கொடுத்தார்கள். பெற்றோருக்குப் போன கடிதத்தில் உடல்நலக் காரணம் என்று மட்டும் இருந்தது. அது தனக்குச் செய்த உபகாரமா தண்டனையா என்று அவருக்குப் புரியவில்லை. ஒரு நாள் கேட்டில் ஒரு அம்மா நின்று கேட்டாள்: "எப்ப சார் திரும்ப வருவீங்க? புது டிரைவர் ரொம்ப வேகம். நீங்க ஓட்டினா எங்களுக்குப் பயமே கிடையாது." அவள் கையில் ஒரு டிபன் டப்பா இருந்தது, புத்தம் புதுசு. அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்மா" என்றார்.

ஆபரேஷன் அன்று காலை, தியேட்டருக்கு வெளியே தள்ளுவண்டியில் படுத்திருந்தபோது மகள் குனிந்து அவர் காதில், "நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்பா" என்றாள். எதை எண்ணுவாள் என்று கேட்பதற்குள் உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நரைமுடி டாக்டர் முகமூடியைக் கொண்டு வந்தார். "நிஜத்தைச் சொல்லிட்டீங்க. இனி என் வேலை" என்றார். அப்படியும் பயம் போகவில்லை. கைகள் தாமாகக் கட்டில் விளிம்பை, ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல், கடிகாரத்தின் பத்துக்கும் இரண்டுக்கும் பிடித்துக்கொண்டதாக நர்ஸ் பிறகு சொன்னாள்.

கண் விழித்தார். அது ஒன்றே பெரிய விஷயமாக ஒரு நாள் முழுக்க இருந்தது. அடுத்த நாளிலிருந்து வேறு பயங்கள். மருந்து மூடி அளவுக்குத் தண்ணீர், அதைக் குடிக்கக் கால் மணி நேரம். ஒரு மடக்கு கூடினால் நெஞ்சுக்குள் கல் நின்றது. இரண்டாவது மாதம், ஏதோ ஞாபகத்தில் ரொட்டித் துண்டை இரண்டே கடியில் முழுங்கிவிட்டார். வியர்த்து, முழி பிதுங்கி, நுரை நுரையாகக் கக்கினார். மகள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு தன்னுடையது இல்லை, யாரோ கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துப் போனது போலிருந்தது. எல்லாவற்றையும்விட இன்னொன்று. முன்பெல்லாம் பயம் வந்தால் அதன் மேல் எதையாவது அள்ளிப் போட்டு மூடிவிடலாம். இப்போது பேக்கரி வாசலில் நின்று பார்ப்பார். உள்ளே போட இடமில்லை. பயம் வந்தால் அதை வைத்துக்கொண்டு அப்படியே நிற்க வேண்டியதுதான். ஒரு முறை அப்படி நின்றுகொண்டிருந்தபோது மனைவி சலவைக்கடையிலிருந்து வந்தாள். பக்கத்தில் அவளும் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு இருவரும் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

எட்டு மாதத்தில் நாற்பத்தாறு கிலோ போனது. சின்னப் பிள்ளைகள் சிலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தூக்க டெஸ்டை மறுபடியும் எடுத்தார்கள். மணிக்கு நான்கு என்று வந்தது. வாகனம் ஓட்டத் தகுதியுள்ளவர் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அவர் பதினோரு நாள் யாரிடமும் காட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் பஸ் அக்காவிடம்தான் முதலில் காட்டினார். அவள் படித்துவிட்டு, "ஓட்டணும்போல இருக்காண்ணே?" என்றாள்.

"இருக்கு. பயமாவும் இருக்கு."

"எனக்கும்" என்றாள் அவள். காகிதத்தை ஒழுங்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

மேலாளர் ஒரு சனிக்கிழமை காலையில் வரச் சொன்னார். பள்ளிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், காலி பஸ்ஸில் முதலில் நான்கு சுற்று. அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். புது டிரைவருக்கு வேறு பஸ் கொடுத்திருந்ததால் அவருடைய பழைய பஸ் ஷெட்டிலேயே கிடந்தது, அதில் ஏறி உட்கார்ந்தார். வயிற்றுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில் ஒரு சாண் இடம் கிடந்தது. முதுகுச் சதையும் கரைந்து உடம்பு சீட்டில் பின்னால் போயிருந்ததால் கால் கிளட்சுக்குச் சரியாக எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த லீவரைத் தூக்கிச் சீட்டை முன்னால் தள்ளப் பார்த்தார். வருடக்கணக்காகக் கடைசிப் பல்லிலேயே கிடந்து துருப்பிடித்திருந்தது. முழு உடம்பையும் கொடுத்து உந்தியதும் கிறீச்சென்று நகர்ந்தது. சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது, அந்த அதிர்வு உள்ளங்கை வழியாக முழங்கை வரை ஏறியது. மேலாளர் மைதானத்தின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இண்டிகேட்டருக்குப் போன கை எதையோ மாற்றிப் பிடித்து இழுத்துவிட்டது. வைப்பர் ஓட ஆரம்பித்தது. மழையில்லை, தண்ணீருமில்லை. காய்ந்த கண்ணாடியில் ரப்பர் கரகரவென்று தேய்த்து, தூசியில் அரை வட்டமாக ஒரு இடத்தைத் துடைத்தது.

அந்த அரை வட்டத்துக்குள், விளையாட்டுப் பயிற்சிக்கு வந்த முதல் வகுப்புப் பிள்ளைகள் ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்து வரிசையாகக் குழாயடிக்கு மைதானத்தைக் கடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் வந்த ஒரு குட்டிப் பெண்ணின் ஒற்றை ஷூ கழன்றது. அவள் நடு மைதானத்தில் உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, நிதானமாக லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் வைப்பரை நிறுத்தவில்லை. வலது கால் பிரேக்கைத் தரையோடு அழுத்தியிருந்தது. லேஸ் கட்டி முடித்து, எழுந்து, அவள் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்த பிறகும் அந்தக் கால் அப்படியே அழுத்திக்கொண்டிருந்தது.